நல்ல சார் ஒருத்தர் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதிக் குடு மக்கா, நாலு பக்கம் சும்மா கெடக்கு" என்று கேட்டபோது, குற்றாலத்தைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நமது மலரில் வருடா வருடம் குற்றாலத்தைப் பற்றி ஏழெட்டுக் கவிதை வந்துவிடுகிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழாத வருடத்தில்கூட நம் மலரில் விழுந்திருக்கிறது! எனவே அதைக் கவிஞர்களுக்கே விட்டுவிட்டு, பேரவைப் பொதுக்கூட்டத்தில் பாதியில் நின்றுபோன ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக (பாதிப் பேர் வரவில்லை, காரணம் எல்லோருக்கும் தெரியும்) சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆண்டு விழாவில் துறைக்கு ஒருவர் வீதம் 'சிறந்த ஆசிரியர்' என்று மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, அவருக்கு மேடையில் ஷீல்டு கொடுப்பது என்று ஒரு தீர்மானம் வந்தது. ஒரே கைதட்டல். அதோடு விட்டார்களா? ஒவ்வொரு சாருக்கும் மேடத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். விசில் பறந்தது. நான் பேச எழுந்தேன். அதற்குள் மணி அடித்து, பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடிவிட்டார்கள். அன்று பேச நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷீல்டும் வேண்டாம், போர்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

'இவன் சார்மாருக்கு ஐஸ் வைக்கான்' என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்டர்னல் மார்க் எல்லாம் போட்டாச்சு!

நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "ஒரு நல்ல சார் கெடச்சாப் போதும்லே, பாஸ் ஆயிரலாம்." சீனியர்களைக் கேட்டால் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு பெயர் சொல்வார்கள். அவர் சாக்பீஸைக் கையில் எடுத்தால் மோட்டார் போர்டிலேயே சுற்றும் என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். பாடம் தெரிந்தவர் யார், நோட்ஸைப் பார்த்து ஒப்பிக்கிறவர் யார் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே நமக்குப் புரிந்துவிடும். செப்டம்பர் 5 அன்று அரசாங்கமே டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் நல்லாசிரியர் விருது கொடுக்கிறது. கொடுக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் அந்தத் திறமை அவருக்கு எங்கிருந்து வந்தது? பக்கத்து வகுப்பறையில் நிற்கிற இன்னொரு சாருக்கு அது ஏன் போய்ச் சேரவில்லை? இந்த இரண்டு கேள்வியையும் நாம் கேட்பதே இல்லை.

எனக்கு இந்தக் கேள்விகளைக் கிளப்பிவிட்டவர் எங்கள் பெரியம்மா. சுந்தரபாண்டியபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தபோது ஒரு நாள் கழித்தலைப் பற்றிப் பேச்சு வந்தது.

52-இல் 27 போனால் எவ்வளவு? சின்னப் பிள்ளைகள் பலபேர் 35 என்று எழுதும். ஏன் தெரியுமா? பத்தாம் இடத்தில் 5-இல் 2 போனால் 3. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது. சரி, 7-இல் 2 போகும்தானே? 5! ஆக 35. பிள்ளை கவனிக்காமல் போட்ட விடை இல்லை இது. 'பெரிய எண்ணில் இருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று டீச்சர் போன வருடம் சொன்னதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது!

பெரியம்மா சொன்னார்: "என் வகுப்புலதான் பிள்ளைக இப்படிப் போடுதுன்னு ரொம்ப வருசமா நெனச்சிருந்தேன். வெளிய சொல்ல வெக்கம். குறுவள மையக் கூட்டத்துல நோட்டையெல்லாம் மேசையில பரப்பிப் பாத்தப்பதான் எட்டுப் பள்ளிக்கூடத்துலயும் இதே 35-ன்னு தெரிஞ்சுது."

குறுவள மையம் என்றால் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளை ஒன்று சேர்த்து, அங்குள்ள ஆசிரியர்கள் அவ்வப்போது சனிக்கிழமைகளில் கூடும் இடம். அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தபோது ஏற்பட்டது. அந்தக் கூட்டத்தில் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கொண்டுவந்து காட்டினாராம். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. இதில் இருந்து 27 குச்சி எடுத்துக் கொடு என்றால் பிள்ளை திணறும். இரண்டு உதிரிதானே இருக்கு? அப்போது ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும். இப்போது நாலு கட்டு, பன்னிரண்டு உதிரி. அவ்வளவுதான், 'கடன் வாங்குதல்' என்ற மந்திரம் உடைந்தது. குச்சிக் கட்டு புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கட்டை எந்த நேரத்தில் அவிழ்ப்பது, டீச்சர் அவிழ்ப்பதா பிள்ளை அவிழ்ப்பதா என்பதை அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான் பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்கக் கல்வி அறிஞர் லீ ஷுல்மன் 1986-இல் இதைப் பற்றித்தான் எழுதினார். பாடம் தெரிவது ஒன்று. பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிவது ஒன்று. இந்தக் குறிப்பிட்ட பாடத்தில் மாணவன் எந்த இடத்தில் வழுக்குவான், எந்த உதாரணத்தைச் சொன்னால் எழுந்திருப்பான் என்று தெரிவது மூன்றாவது ஒன்று. அருவிக்கரையில் எந்தப் பாறை வழுக்கும் என்று உள்ளூர்க்காரனுக்குத் தெரியுமே, அது மாதிரி. இஞ்சினியரையும் இஞ்சினியரிங் வாத்தியாரையும் பிரிப்பது இந்த மூன்றாவதுதான். ஆனால் ஒருவர் தனியாக நின்று ஒவ்வொரு பாறையிலும் வழுக்கி வழுக்கித் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆகும். அதற்குள் எத்தனை பேட்ச் போய்விடும்!

நம்மில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கும் செயல்வழிக் கற்றல் நினைவிருக்கும். பெஞ்சு கிடையாது. டீச்சரும் நம்மோடு தரையில் உட்காருவார். சுவரின் அடிப்பகுதியில் தாழ்வான கரும்பலகை, அதில் ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் நாம் வரைந்த யானை தொங்கும் (என்னுடையது யானை என்று நான்தான் சொல்ல வேண்டும்). தட்டுத் தட்டாக அட்டைகள். ஏணிப்படி மாதிரி ஒரு படத்தைப் பார்த்து, நம் படிக்குரிய அட்டையை நாமே போய் எடுத்துவர வேண்டும்.

அது எப்படி வந்தது என்பது நம் விஷயத்துக்கு ரொம்ப முக்கியம். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி என்ற பள்ளத்தாக்கு. அங்குள்ள கல்வி மையம் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளுக்காக இந்த அட்டை முறையை உருவாக்கியது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே குழுக் குழுவாகப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நம் பாடத்துக்கு ஏற்றபடி தாங்களே கூடி உட்கார்ந்து அட்டைகளை எழுதினார்கள். 2003-இல் சென்னையில் 13 பள்ளிகளில் தொடங்கிப் பார்த்தார்கள். வேறு ஊரில் இருந்து நிபுணர் ஒருவர் வந்து இறங்கி நடத்திய காரியம் இல்லை. 'இந்த அட்டை பிள்ளைக்குப் புரியல, மாத்துவோம்' என்று வகுப்பில் நின்றவர்களே சொல்லி, அவர்களே மாற்றிய காரியம்.

2007-08-இல் அதே முறை தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. இத்தனை பள்ளிக்குப் போகும்போது அட்டை அச்சாகித்தானே வர முடியும்? வந்தது. பெரியம்மா நேர்மையாகச் சொல்வார்: "அட்டைய எழுதுனவங்களுக்கு ஒவ்வொரு அட்டையும் ஏன் அந்த எடத்துல இருக்குன்னு தெரியும். எங்களுக்குப் பெட்டிதான் வந்துச்சு." சனிக்கிழமைக் கூட்டத்தில் நோட்டைப் பரப்பிப் பேசிய பள்ளிகளில் அட்டைக்கு உயிர் இருந்தது. கூட்டம் என்பதே சுற்றறிக்கை வாசிப்பதும் புள்ளிவிவரப் படிவம் நிரப்புவதுமாகிப் போன இடங்களில், பிள்ளைகள் ஏணியில் ஏறிக்கொண்டே இருந்தார்கள், எங்கே ஏறுகிறோம் என்று தெரியாமல். அதே அட்டை, அதே பயிற்சி! கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். அதற்கும் இதே கேள்விதான் வரும் என்பது என் எண்ணம்.

சரி, அ, ஆ படிக்கிற பிள்ளைகள் கதை டிப்ளமோக்காரனுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் கதைக்கு வருகிறேன்.

நமக்குக் கணக்கில் கலப்பெண்கள் இருக்கின்றன. 3 + 4ஐ. மாடுலஸ் கண்டுபிடி, ஆம்ப்ளிட்யூட் கண்டுபிடி. மாடுலஸ் 5. ஆம்ப்ளிட்யூட் என்றால் இங்கே கோணம், ஏறக்குறைய 53 டிகிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட்டுவிடுவோம். அடுத்து சர்க்யூட் தியரி. ஏ.சி. சர்க்யூட்டில் மின்தடை 3 ஓம், ரியாக்டன்ஸ் 4 ஓம். இம்பீடன்ஸ் 3 + ஜே4. அதன் அளவு 5 ஓம். ஃபேஸ் கோணம் ஏறக்குறைய 53 டிகிரி. பவர் ஃபேக்டர் 0.6. இதைப் பார்த்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும்.

தோழர்களே, இரண்டும் ஒரே கணக்கு! எண்கூட மாறவில்லை. கணக்கு சார் 'ஐ' என்று எழுதுவதை மின்னியல் சார் 'ஜே' என்று எழுதுகிறார். ஏனென்றால் மின்னியலில் 'ஐ' என்ற எழுத்து கரண்டுக்குப் போய்விட்டது. சமாச்சாரம் அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நமது கணக்குப் புத்தகத்தில் ஆம்ப்ளிட்யூட் என்றால் கோணம். மின்னியலில் ஆம்ப்ளிட்யூட் என்றால் அலையின் உச்ச அளவு. நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு அது சுமார் 325 வோல்ட். காலையில் இரண்டாவது பீரியடில் ஒரு அர்த்தம், மூன்றாவது பீரியடில் வேறு அர்த்தம். வகுப்புத் தேர்வில் ஒரு வோல்டேஜ் சமன்பாட்டைக் கொடுத்து ஆம்ப்ளிட்யூட் கேட்டபோது பாதி வகுப்பு கோணத்தை எழுதி வைத்தது. பெரியம்மா பள்ளியின் 35 இருக்கிறதே, அதன் பாலிடெக்னிக் பதிப்பு இது. எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரு சார் சொன்னதை இன்னொரு சார் பேப்பரில் விசுவாசமாக எழுதியவர்கள்!

மெக்கானிக்கல்காரர்கள் சிரிக்க வேண்டாம். மெட்ராலஜி லேபில் 200 மி.மீ. சைன் பார் வைத்து 30 டிகிரிக்கு 100 மி.மீ. உயரத்தில் ஸ்லிப் கேஜ் அடுக்குகிறீர்களே, அந்த 'சைன்'தான் முதல் வருடம் கணக்கில் படித்த 'சைன்' என்று உங்களில் எத்தனை பேர் லேபில் வைத்து நினைத்தீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

இரண்டு சாரும் தத்தம் பாடத்தில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள வராந்தாவில் நாம் மட்டும்தான் நடக்கிறோம்.

ஒரு நாள் அந்த வராந்தாவில் கணக்கு சார் நடந்தார். அதுவும் சாரல் புண்ணியத்தால். குடை இல்லாமல் எங்கள் மெஷின் லேப் வாசலில் ஒதுங்கியவர், உள்ளே போர்டை எட்டிப் பார்த்து, "என்ன சார், என் கணக்க உங்க போர்டுல வெச்சிருக்கீங்க?" என்றார்.

எங்கள் சார் சிரித்துக்கொண்டே, "உங்க கணக்கா? இது சோக் காயில் சார்" என்றார்.

அப்புறம் இருபது நிமிடம் இருவரும் எங்களை மறந்துவிட்டார்கள். ஒருவர் முக்கோணம் போடுகிறார். இன்னொருவர் சோக்கை மாட்டி மீட்டரைக் காட்டுகிறார். "அப்ப நீங்க ஏன் சார் இதை ஆம்ப்ளிட்யூட்னு சொல்லாம ஃபேஸ்ங்கிறீங்க?" "அந்தப் பேரை நாங்க வேற ஒண்ணுக்கு வெச்சுட்டமே சார்." சட்டென்று இருவரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். "ஏம்ப்பா, இதனாலதான் டெஸ்டுல எல்லாரும் கோணத்தை எழுதுனீங்களா?"

நான் மூன்று வருடத்தில் கேட்ட வகுப்புகளிலேயே சிறந்தது அதுதான். நடத்தியது யார் என்று சொல்லுங்கள், ஷீல்டை அவருக்கே கொடுத்துவிடலாம்! கணக்கு சார் இப்போதெல்லாம் கலப்பெண் நடத்தும்போது 'ஐ'க்குப் பக்கத்திலேயே 'ஜே'யும் எழுதி, "எலக்ட்ரிக்கல்காரங்க கவனிங்க" என்கிறாராம், ஜூனியர்கள் சொன்னார்கள். எங்கள் சார் முக்கோணத்தில் இருந்துதான் ஏ.சி. சர்க்யூட்டையே தொடங்குகிறார்.

ஆனால் இதற்கு ஒரு மழை தேவைப்பட்டது. அந்த மழைக்கு முந்தின வருடமே போய்விட்டவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பன், பத்தாவதில் தமிழ் மீடியத்தில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவன். இங்கே கணக்கு அரியர், அதனால் சர்க்யூட் அரியர், அதனால் மெஷின்ஸ் அரியர். 'படிப்பு வரலைன்னா வேலைக்குப் போ' என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இப்போது செங்கோட்டை வழியாகப் புனலூர் போய் டைல்ஸ் ஒட்டுகிறான். நல்ல சம்பளம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குப் படிப்பு வரவில்லை என்று மட்டும் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீடுகளில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நாங்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவனுக்கு, இரண்டு சார்களுக்கு நடுவில் விழுந்தால் தூக்கிவிட யாரும் இல்லை.

எங்கள் ஊருக்கு ஜூலை, ஆகஸ்டில் வந்தால் சூரியகாந்தி வயலில் நின்று போட்டோ எடுக்கிற கூட்டத்தைப் பார்க்கலாம். கேரளாவில் இருந்து கார் காராக வருகிறார்கள். நல்ல பெரிய பூவாகப் பார்த்து அதன் பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் விவசாயி பார்ப்பது வேறு. சூரியகாந்தியில் ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போனால்தான் விதை நன்றாகப் பிடிக்கும். தேனீ குறைவான வருடத்தில் தட்டு தட்டாகப் பூத்திருக்கும், உள்ளே பாதிக்குப் பாதி பொக்கு. அதனால்தான் காலை வேளையில் உள்ளங்கையாலோ மெல்லிய துணியாலோ பூவைத் தடவி விடுவார்கள். பக்கத்துப் பக்கத்துப் பூவை முகத்தோடு முகம் லேசாகத் தேய்த்தும் விடுவதுண்டு. நாம் ஷீல்டு கொடுக்க நினைப்பது போட்டோ எடுக்க வந்தவர்களின் வேலை. நான் கேட்பது அந்தத் துணியை.

இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு விவரம். கேரி லீயானா என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2005 முதல் 2007 வரை நியூயார்க் நகரத்தின் 130 தொடக்கப் பள்ளிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் எங்கே அதிகம் ஏறியது? ஆசிரியரின் திறமைக்கும் பங்கு இருந்தது. அதோடு, கணக்கு நடத்துவதைப் பற்றித் தங்களுக்குள் அடிக்கடி பேசிக்கொண்ட, ஒருவரை ஒருவர் நம்பிய ஆசிரியர்கள் இருந்த இடத்தில் ஏற்றம் தனியாகத் தெரிந்தது. சுமாரான திறமையுள்ள ஆசிரியர்கூட, சக ஆசிரியர்களோடு நல்ல பேச்சு வழக்கம் உள்ள பள்ளியில் இருந்தால், சராசரி ஆசிரியர் அளவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிடுகிறார். அங்கே ஒருவர் தன் சந்தேகத்தை மேலதிகாரியிடம் கேட்பதைவிடப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம்தான் அதிகம் கேட்டாராம். மனித சுபாவம்தானே! மார்க் போடுகிறவரிடம் 'எனக்கு இது தெரியலை' என்று யார் போய்ச் சொல்வார்?

ஜப்பானில் இதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஜுக்யோ கென்க்யூ என்று பெயர். சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதைக் கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்த இன்ஸ்பெக்ஷன் மாதிரி இருக்காது.

இப்போது நமது நோட்டீஸ் போர்டு யோசனையை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு 9, பக்கத்து அறைக்காரருக்கு 4 என்று நாம் ஒட்டிவிட்டால், அந்த நாலு மார்க் சார் ஒன்பது மார்க் சாரிடம் போய் 'இதை எப்படி நடத்துறீங்க?' என்று கேட்பாரா? இருக்கிற கொஞ்சம் பேச்சும் நின்றுவிடும். ஒன்பது வாங்கியவரும் தன் வித்தையைப் பூட்டி வைப்பார். ரேங்க் கார்டு போட்டுப் போட்டு நம்மைப் பிரித்தது போதாதா, அவர்களையும் பிரிக்க வேண்டுமா?

மறுப்புகள் வரும், தெரியும். 'சார்மாருக்கு நேரம் ஏது?' என்பார்கள். நியாயம். ஃபைல், ரெக்கார்டு, அட்மிஷன் வேலை என்று அவர்களைப் பிழிந்தெடுக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள் அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்பதே தெரியாமல் பாடம் நடத்துகிறார்கள். அவர்களிடம் இன்னொரு வேலையைக் கூடுதலாகச் சுமத்தச் சொல்லவில்லை.

'பயிற்சி கொடுத்தாப் போதும்' என்பார்கள் சிலர். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் கட்டாயம். நமக்குப் பாடம் நடத்த முதல் வகுப்பில் தேறிய பி.இ. போதும், சொல்லிக் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இல்லை. சென்னை தரமணியில் 1964-இல் தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென்றே தொடங்கிய பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு எட்டுப் பாடத் தொகுதிகளாக ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் அதை ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தனித்தனியாகப் படித்து சர்டிபிகேட் வாங்கிவிடலாம். அந்த சர்டிபிகேட்டில் நம்முடைய ஆம்ப்ளிட்யூட் குழப்பம் இருக்காது. அது நம்முடைய விடைத்தாளில்தான் இருக்கிறது.

அதனால் பேரவையில் நான் கொடுத்திருக்கும் மாற்றுத் தீர்மானம் இதுதான். புதன்கிழமை கடைசி பீரியடை நூலக நேரம் என்று போட்டிருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் அப்போது நூலகத்தில் இருக்கிறோம், எத்தனை பேர் டீக்கடையில் இருக்கிறோம் என்பது டீக்கடை அண்ணாச்சிக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை, கணக்கு ஆசிரியரும் துறை ஆசிரியரும் லேப் இன்ஸ்ட்ரக்டரும் ஒரு மேசையில் உட்காரட்டும். மேசையில் நம் வகுப்புத் தேர்வுத் தாள்கள் பத்து, பெயர் தெரியாமல் மடித்து. எல்லோரும் ஒரே மாதிரி எந்த இடத்தில் வழுக்கியிருக்கிறோம், ஏன் என்பது மட்டும் பேச்சு. பிரின்சிபாலுக்கு ரிப்போர்ட் கிடையாது, படிவம் கிடையாது, யாருக்கும் மார்க் கிடையாது. லேப் இன்ஸ்ட்ரக்டரை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் கை எங்கே தடுமாறுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர் அவர்தான்.

அந்த நேரத்தில் நாம் சத்தம் போடாமல் இருப்பதற்குப் பேரவை பொறுப்பு. ஷீல்டுக்கு ஒதுக்கிய பணத்தில் டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கலாம். கணக்கு சாரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "மழை வந்தாத்தான் வருவேன்" என்றார், சிரித்துக்கொண்டே. எங்கள் சார், "முதல் கூட்டத்துக்கு ஆம்ப்ளிட்யூட் பேப்பரையே கொண்டு வா" என்றார்.

தீர்மானத்தின் நகல் பேரவை அறையில், கேரம் போர்டுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறேன். இதுவரை 41 பேர் போட்டிருக்கிறார்கள். மின்னியலில் 29, சிவிலில் 12. மெக்கானிக்கல்காரர்கள் தினமும் வந்து கேரம் ஆடிவிட்டுப் போகிறார்கள்.